இடதுபுறம் ஒடித்தால் மட்டும் பியூஸ் போன வண்டி

அப்பா ஓட்டிய நூறு சிசி வண்டி, 1996 மாடல். நேராகப் போகும்வரை ஒரு குறையும் கிடையாது. வீட்டுச் சந்தில் ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் பியூஸ் போய்விடும், அதுவும் தினமும் இல்லை, நாலு நாளைக்கு ஒரு முறை. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இன்னொருவர் 10 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 20 போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரியே சீட்டுக்கு அடியில் ரப்பர் கருகுகிற வாசனை. பியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான், அதைப் பெருசாக்கினால் வயர்தான் பியூஸ் ஆகும். இது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில், 12 வோல்ட் 21 வாட், இரண்டு வயர் பற்றவைத்து பியூஸ் இருந்த இடத்தில் செருகினேன். ஷார்ட் இருந்தால், அதாவது கரண்ட் வயர் வண்டியின் இரும்பில் பட்டால், பல்பு பளிச்சென்று எரியும், ஆனால் இரண்டு ஆம்பியருக்குள்தான் ஓடும் என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. நியூட்ரல் விளக்கு குழப்பக்கூடாது என்று கியரில் போட்டு, சாவியைத் திருப்பினேன். பல்பு இருட்டு. ஹேண்டிலை மெதுவாக இடதுபுறம் ஒடித்தேன், கடைசி இரண்டு விரற்கடையில் பளிச்! ஹெட்லைட் டூமைக் கழற்றிப் பார்த்தால், யாரோ எப்போதோ வயர்க் கற்றையை பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், ஹாரனுக்குப் போகும் கரண்ட் வயர், ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டாப்பரில் உரசி உரசிச் செம்பு தெரிகிறது. ஒட்டி, ஸ்லீவ் மாட்டி, தொய்வு விட்டுக் கட்டினேன். ஐந்து மாதமாக அதே 10 ஆம்பியர் பியூஸ்தான்.

*

எனக்கு வேறு கதை அண்ணே, ஷார்ட் இல்லை, எர்த் (கரண்ட் ஃபிரேம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) கிடைக்காத கேஸ். பகலில் பிரேக் மிதித்தால் ஸ்பீடோமீட்டர் விளக்கு மங்கலாக மினுங்கும், பிரேக் லைட் சரியாக எரியாது. பேய் பிடித்த மாதிரி. மல்டிமீட்டர் வைத்து எர்த் வயரைப் பார்த்தால் இணைப்பு இருக்கிறது என்று பீப் சத்தம் ஜோராக வருகிறது. நான் பல்பு, ஹோல்டர், பிரேக் சுவிட்ச் எல்லாம் மாற்றிவிட்டேன்.

கடைசியில் எங்கள் ஏரியா எலெக்ட்ரீஷியன் ஒருவர், வயசானவர், "தம்பி, அது கத்துறதை நம்பாதீங்க, லோடு போட்டுப் பாருங்க" என்றார், அதாவது விளக்கு எரியும்போது பார்க்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பை பேட்டரி மைனஸிலும் சிவப்பை டெயில் லைட்டின் எர்த் முனையிலும் பிடித்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! நல்ல எர்த் என்றால் 0.2 தாண்டக்கூடாதாம். சில ஓம் தடை இருந்தாலும் மீட்டர் கத்தத்தான் செய்யும், பிரேக் பல்புக்கு வேண்டியதோ இரண்டு ஆம்பியர் கிட்ட. அந்தக் கரண்ட் ஒழுங்கான வழி கிடைக்காமல் அதே பல்பில் டெயில் லைட்டுக்காக இருக்கும் இன்னொரு இழை வழியாகத் திரும்பி, முன்னால் இருக்கும் விளக்கை எரித்திருக்கிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். போன வருஷம் ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடித்தேன், எர்த் வயரைப் பிடிக்கும் போல்ட் அந்தப் பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

*

தம்பி சொன்னதைப் படித்துவிட்டு என் வண்டியிலும் பிடித்துப் பார்த்தேன், 0.7 காட்டுகிறது. டேங்குக்குக் கீழே இருக்கிற போல்ட் துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், காலையில் கழற்ற வேண்டும்.