போக்கர் 1/2 டேபிளில் நல்ல கை வரும்வரை எவ்வளவு நேரம்தான் ஃபோல்ட் பண்ணுவது (ஆடாமல் கையை விட்டுவிடுவது)?

கடைசி_சீட்:
அமெரிக்க கேசினோக்களில் ஓடும் 1/2 டாலர் நோ-லிமிட் ஹோல்டம் பற்றிய கேள்வி (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; முன்னால் இருக்கும் காசு முழுவதையும் பந்தயம் கட்டலாம்). ஒன்பது பேர் டேபிள், 200 டாலரோடு உட்காருவது. டீலர் போடும் வேகத்துக்கு மணிக்கு 30 கைதான் வரும். "நல்ல கை வரும்வரை பொறுமையா இரு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரம் 9-4, ஜாக்-3 என்றே வந்தால் அது சகஜம்தானா? அதற்குள் பிளைண்டே (சீட்டு வருவதற்கு முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் 1, 2 டாலர்) பாதிக் காசைத் தின்றுவிடாதா? நடுவில் கிங்-8 சூட்டட் (இரண்டும் ஒரே சூட், அதாவது ஒரே சின்னம்) மாதிரிக் கையை வெறும் 2 டாலருக்கு உள்ளே போய்ப் பார்த்தால் என்ன நஷ்டம்? இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால் (பந்தயத்தை உயர்த்தினால்) டேபிளே எழுந்து ஓடிவிடாதா?

கணக்குப்பிள்ளை:
சகஜம்தான். இரண்டு சீட்டுச் சேர்க்கை மொத்தம் 1326. 10-10இலிருந்து ஏஸ்-ஏஸ் வரை ஜோடிகள் 30 விதம், ஏஸ்-கிங் 16, சூட்டட் ஏஸ்-குயின் 4. ஆக 50. ஏறக்குறைய 27 கைக்கு ஒன்று, அதாவது மணிக்கு ஒன்று. ஆனால் அது சராசரி. தொடர்ந்து 60 கையில் இதில் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு 10%. பத்துத் தடவை இரண்டிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு தடவை முழு வறட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ்-ஏஸ் 221 கைக்கு ஒன்று. இந்த வேகத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல்.

சீட்டுக்கட்டை மாற்றச் சொல்வது, ராசியான சீட் தேடுவது எல்லாம் வீண். இடம் மாற நியாயமான காரணம் ஒன்று உண்டு: எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் பண்ணுகிறவர் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவர் முதலில் பேசுவார், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம்.

பிளைண்ட் கணக்கும் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. சுற்றுக்கு 3 டாலர். மணிக்கு மூன்று சுற்றும் கொஞ்சமும். ஆக 10 டாலர். 200 டாலரில் பாதி போக பத்து மணி நேரம் ஒரு கைகூட ஆடாமல் உட்கார வேண்டும்.

மிடில்_ஸ்கூட்:
அந்தக் கிங்-8க்கு வருவோம். நஷ்டம் 2 டாலரில் இல்லை பாஸ், அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. ஆட்டின் கிங், ஆட்டின் 8. நாலு பேரோடு லிம்ப் பண்ணி (ரெய்ஸ் இல்லாமல் 2 டாலர் மட்டும் போட்டு) உள்ளே போகிறீர்கள். ஃப்ளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) கிங்-7-3, ஆட்டின் ஒன்றுகூட இல்லை. ஒருத்தர் 8 டாலர் போடுகிறார். மேல் ஜோடி கையில் இருக்கும்போது எப்படி விடுவது? அதே தொகையைப் போட்டுத் தொடர்வதுதான்: கால். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 20, கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 40, "பார்த்துடலாம்" என்று இன்னொரு கால். அவர் கிங்-குயின் காட்டுகிறார்; ஜோடி ஒன்றேதான், ஆனால் உங்கள் 8ஐ அவர் குயின் அடித்துவிடுகிறது. மொத்தம் 70 டாலர். மேலே சொன்ன கணக்குப்படி ஏழு மணி நேர பிளைண்ட் ஒரே கையில் காலி.

சூட்டட் என்கிற வார்த்தைதான் ஆளைக் கெடுக்கிறது. இரண்டும் ஒரே சூட்டாக இருந்தாலும் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சூட்) விழுவது சுமார் 119 தடவைக்கு ஒன்று.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே முதல் ஸ்கூட்டுக்கே (ஆடாமல் கையை விடுவதற்கே) 20 பாயின்ட் போய்விடும், அதனால் சுமாரான கையையும் ஆடிப்பார்க்கத் தோன்றும். இங்கே பிளைண்ட் சீட் இரண்டைத் தவிர மற்ற ஏழில் ஸ்கூட் இலவசம்!

எல்லா இடத்திலும் ஒரே அளவு பொறுமையும் வேண்டாம். பெரிய பிளைண்டுக்கு அடுத்த இடத்தில் 7-7உம் அதற்கு மேற்பட்ட ஜோடியும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், சூட்டட் ஏஸ்-ஜாக், சூட்டட் கிங்-குயின், இதோடு நிறுத்துங்கள். 15 கைக்கு ஒன்று வரும். பட்டனில் (டீலர் குறி உள்ள இடம்) இருக்கும்போது முன்னால் மூன்று பேர் லிம்ப் பண்ணியிருந்தால் சின்ன ஜோடி, ஏஸ்-5 சூட்டட், 9-8 சூட்டட் எல்லாம் ஆடலாம்; நீங்கள்தான் கடைசியில் பேசுகிறீர்கள். கிங்-8 அங்கேயும் வேண்டாம்.

கடைசி_சீட்:
நன்றி. சின்ன ஜோடியை ரெய்ஸுக்கு எதிராகக் கால் பண்ணலாமா? 4/8 லிமிட் (பந்தயத் தொகை நிலையாக இருக்கும்) டேபிளிலும் இதே கணக்குதானா? காத்திருக்கும் நேரத்தில் என்னதான் செய்வது?

ரிவர்_வாட்ச்மேன்:
ஃப்ளாப்பில் செட் அடிப்பது (கையிலுள்ள ஜோடிக்கு மூன்றாவது வருவது) எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு முறை. அடித்தாலும் ஒவ்வொரு முறையும் எதிராளி காசு கொடுக்கமாட்டார். அதனால் அவர் ரெய்ஸைப் போல 15 மடங்காவது இரண்டு பேரிடமும் பாக்கி இருக்க வேண்டும். ரெய்ஸ் 10 டாலர் என்றால் 150. அவரிடம் 80தான் இருக்கிறதா, 5-5ஐத் தூக்கிப் போடுங்கள்.

4/8 லிமிட்டில் பிளைண்ட் 2/4, மணிக்கு 20 டாலர். ஒரே அடியில் எதிராளியின் ஸ்டாக்கை (முன்னால் உள்ள மொத்தக் காசை) வாங்க முடியாது என்பதால் சின்ன ஜோடிக்குக் கூட்டம் வேண்டும், நாலைந்து பேராவது உள்ளே இருக்கணும். கூட்டத்தில் சூட்டட் ஏஸுக்கு மதிப்பு ஏறும், வெவ்வேறு சூட் கிங்-ஜாக்குக்கு இறங்கும்.

காத்திருக்கும்போது போனைக் கீழே வையுங்கள். ரிவரில் சீட்டைத் திறந்து காட்டும்போது, அந்தக் கையை அவர் எந்த இடத்திலிருந்து, லிம்ப் பண்ணியா ரெய்ஸ் பண்ணியா ஆடினார் என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரைப் பற்றித் தெரிந்தாலே போதும். உங்கள் முறை வரும்வரை சொந்தச் சீட்டைத் தொடாதீர்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டு ஃபோல்டுக்குத் தயாராகக் கையில் பிடித்திருந்தால் வலப்பக்கத்து ஆள் அதைப் பார்த்தே ரெய்ஸ் பண்ணுவார். எழுந்து நடக்க வேண்டுமா, பிளைண்ட் வருவதற்கு இரண்டு கை முன்னால் போங்கள். அங்கேதான் அதிகம் ஃபோல்ட் பண்ணுகிறீர்கள். பெரிய பிளைண்ட் உங்களிடம் வருவதற்குள் திரும்பிவிட்டால் மிஸ் பண்ணின பிளைண்ட் கட்ட வேண்டியதில்லை.

டேபிள் ஓடிவிடும் என்ற பயம் வேண்டாம். 1/2இல் அவரவர் தன் இரண்டு சீட்டைத்தான் பார்க்கிறார்கள். பிரச்சினை நேர் எதிர்: எல்லாரும் கால் பண்ணுவார்கள். ஏஸ்-ஏஸ் ஏதோ ஒரு கைக்கு எதிராக 85% ஜெயிக்கும், ஐந்து பேருக்கு எதிராக 49%தான். நாலு பேர் லிம்ப் பண்ணியிருந்தால் 6 டாலர் ரெய்ஸ் கூட்டத்தை அழைப்பதற்குச் சமம். 10 டாலர், அதன் மேல் லிம்ப் பண்ணின ஆளுக்கு 2 வீதம், ஆக 18 போடுங்கள்.

அப்புறம், இரண்டு மணி நேரம் காத்திருந்து வந்த கை என்பதற்காக அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் முழுக்க கால் மட்டுமே பண்ணிக்கொண்டிருந்த ஆள் டர்னில் ரெய்ஸ் பண்ணினால் பெரும்பாலும் இரண்டு ஜோடிக்குக் குறையாது. ஏஸ்-ஏஸ் ஆனாலும் சரி, ஃபோல்ட் பண்ணிவிட்டு அடுத்த கைக்குக் காத்திருங்கள்.