பமீலா ஹாரிமனுக்கு பாரிஸ் தூதர் பதவி எப்படிக் கிடைத்தது?

செங்கதிர்:
1993இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பமீலா ஹாரிமனை பிரான்சுக்கான தூதராக அனுப்பினார். பிறந்தது இங்கிலாந்தில், வின்ஸ்டன் சர்ச்சிலின் முன்னாள் மருமகள், வெளியுறவுத் துறை அனுபவமும் இல்லை. கணவர் விட்டுப்போன சொத்துதான் காரணமா? தூதராக உருப்படியாக ஏதாவது செய்தாரா?

வடதிசை:
பிறப்பாலேயே குடிமகனாக இருக்கணும் என்பது அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குத்தான், தூதருக்குக் கிடையாது. 1971இல் ஆவெரல் ஹாரிமனை மணந்த ஆண்டே அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அதிபர் நியமித்து, செனட் ஒப்புக்கொண்டால் போதும். பெரிய தலைநகரங்களுக்குக் கட்சிக்காக உழைத்தவர்களை அனுப்புவது பழைய வழக்கம்.

சொத்து உதவியது, ஆனால் அது மட்டும் போதாது. 1980இல் ஜனநாயகக் கட்சி வெள்ளை மாளிகையோடு செனட்டையும் இழந்தது. அதன் பிறகு கட்சிக்குத் தேர்தல் நிதி திரட்ட அவர் தொடங்கிய நிதிக்குழுதான் ‘டெமாக்ரட்ஸ் ஃபார் தி எய்ட்டீஸ்’. ஒருவர் ஒரு நிதிக்குழுவுக்கு ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஒரே கோடீஸ்வரர் செக் எழுதிக் கொடுத்தால் வேலை முடியாது, பல பேரைத் திரட்டணும். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்த அவர் வீட்டு விருந்துகள் அதற்காகத்தான். ஒவ்வொரு மாலைக்கும் ஒரு கொள்கைப் பிரச்சினை. அதைப் பேச ஒரு செனட்டரோ நிபுணரோ வருவார், விருந்தினர்கள் கேள்வி கேட்பார்கள். பணம் கொடுத்தவருக்குக் கட்சி எங்கே போகிறது என்று நேரில் தெரியும், மறுபடியும் வருவார். பத்தாண்டில் சுமார் 12 மில்லியன் டாலர் சேர்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆளுநர் தேர்தலில் தோற்றிருந்த கிளிண்டனை அந்தக் குழுவின் நிர்வாகத்தில் சேர்த்தவரும் அவரே. 1993 நியமனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

முத்துக்குளி:
பாரிஸில் அவர் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அவருக்குச் சரளம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். தூதரகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குத் துணைத் தூதராக அவிஸ் போலன் என்ற தொழில்முறை அதிகாரி இருந்தார். அரசியல் நியமனம் பலிக்க இந்த ஜோடி அமைவது ரொம்ப முக்கியம். உருகுவே சுற்று வர்த்தகப் பேச்சில் பிரான்சின் விவசாய மானியச் சண்டை, போஸ்னியப் போர், இரண்டும் அவர் காலத்தில்தான். சோதனை 1995 தொடக்கத்தில் வந்தது: பொருளாதார உளவு என்று குற்றம்சாட்டி ஐந்து அமெரிக்கர்களை வெளியேறச் சொன்னது பிரான்ஸ். உள்துறை அமைச்சர் பாஸ்குவா அவரையே நேரில் அழைத்தார். உறவு முறியவில்லை, அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று போஸ்னிய அமைதி ஒப்பந்தம் பாரிஸில்தான் கையெழுத்தானது. 1997இல் பதவியிலேயே அவர் இறந்தபோது, பிரெஞ்சு அதிபர் சிராக், அந்நாட்டின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஆனர் பெருஞ்சிலுவையைச் சவப்பெட்டியின் மேல் வைத்தார்.

ஆலமரத்தடி:
சொத்து பற்றி ஒரு திருத்தம். அது அவருக்குப் பெரிய தலைவலியாகவும் ஆனது. ஆவெரலின் வாரிசுகளுக்கான அறக்கட்டளைப் பணம் நியூஜெர்சியில் ஒரு ஓய்வு விடுதியில் போடப்பட்டு முழுகிப்போக, 1994இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். தூதராக இருந்தபடியே பிக்காசோ, மத்தீஸ், ரெனுவா ஓவியங்களை விற்று, 1995 கடைசியில் சமரசத்துக்கு வந்தார். வான்கோவின் ‘ரோஜாக்கள்’ மட்டும் அந்த விற்பனைக்கு வரவில்லை. அதை ஏற்கெனவே வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்திருந்தார்.