புதுப்பிப்பு: பொது விவகாரம், அறவியல், அரசியல் பட்டப்படிப்பு

இதில் சேரலாமா, வேலை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேனே, சேர்ந்து முதல் ஆண்டும் முடிந்துவிட்டது. சும்மா வாதாடும் படிப்பு என்று சிலர் சொன்னீர்கள், அப்படி இல்லை. புள்ளியியலும் பொருளியலும் கட்டாயம், பலர் திணறுவதே அங்கேதான். எனக்குப் பிடித்தது அரசுக் கொள்கைகளைப் பற்றிய வகுப்பு. 2021இல் தடுப்பூசி தட்டுப்பாடாக இருந்தபோது முதியவர்களுக்கு முதலில் போடுவதா, தினமும் பலரைச் சந்திக்கும் தொழிலாளர்களுக்கா என்று அந்த வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. இறப்பைக் குறைப்பதா பரவலைக் குறைப்பதா என்று முதலில் தீர்மானிக்காமல் எந்தக் கணக்கும் உதவாது, அந்தத் தீர்மானம் அறவியல், அதை மக்களை ஏற்க வைப்பது அரசியல் (வீட்டில் விளக்க இதுவே போதுமாக இருந்தது). அப்புறம் வேலை: சீனியர்கள் கொள்கை ஆய்வு, இதழியல், சட்ட மேற்படிப்பு என்று பிரிந்திருக்கிறார்கள். நேராக ஒரு தொழிலில் கொண்டுபோய் விடும் படிப்பு இல்லை, அதனால் இன்டர்ன்ஷிப்பை இப்போதே தேட ஆரம்பித்துவிட்டேன்.