கந்தப்பளையில் ஹொப்ஸ் கொடி வளருமா?

கந்தப்பளை விவசாயி:
வணக்கம். நாற்பது பேர்ச் நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். சென்ற முறை லீக்ஸ் பிடுங்கிய கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. என் மனைவி வேலை செய்யும் விடுதிக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர், பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹொப்ஸ் கொடியில் சாட்ஸ், கோல்டிங்ஸ் போன்ற பழைய ரகங்களைச் சிறிய பியர் ஆலைக்காரர்கள் இப்போது விரும்பிக் கேட்கிறார்கள் என்றார். அடுத்த முறை வேர்த்துண்டு கொண்டுவந்து தருவதாகவும் சொல்லியிருக்கிறார். 19 ஆம் நூற்றாண்டிலேயே நுவரெலியாவில் பியர் வடித்தார்கள். இந்தக் குளிருக்கு ஹொப்ஸும் வராதா?

அட்டன் மகள், இங்கிலாந்தின் கென்டிலிருந்து:
தம்பி, இங்கே இரண்டு செப்டெம்பர் அறுவடைக்குப் போயிருக்கிறேன். கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடிக்கு மேல் ஏறி நிற்கும். பெண் கொடியின் பூக்கூம்புதான் பியருக்கு உதவும். அதைப் பிய்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் இருக்கும். விரலில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். தேயிலைக் கொழுந்துக் கறைபோல அதுவும் லேசில் போகாது. கோல்டிங்ஸின் வாசனை மென்மையானது. புது ரகங்களின் பழ வாசனையில் சலித்தவர்கள் இதற்குத்தான் திரும்பி வருகிறார்கள். ஆனால் பழைய ரகங்களில் விளைச்சல் குறைவு. 2022 இல் வெயிலும் வறட்சியும் செக் நாட்டுச் சாட்ஸை மிகவும் வாட்டின.

நீங்கள் குளிரைப் பார்க்கிறீர்கள். கொடி பார்ப்பது பகலை. இங்கே ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். அந்த நாட்களில் கொடி உயர்ந்து, பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். நம் மலையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். கொடி வளருமுன்பே பூத்து, நாலைந்து கூம்போடு நின்றுவிடும். தென்னாப்பிரிக்காவில் ஜோர்ஜ் நகரின் பக்கத்தில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டித்தான் பயிரிட்டார்கள். உங்கள் நிலத்துக்கு அந்த மின்கட்டணம் தாங்குமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்:
அம்மா சொல்வது சரி. எனக்கு அதைவிடப் பெரிய பயம் அந்த வேர்த்துண்டுதான். இங்கிலாந்தில் ஃபகிள் என்ற பழைய ஹொப்ஸ் ரகத்தின் தோட்டங்களை அழித்தது வெர்ட்டிசிலியம் என்ற வாடல் பூஞ்சை. வந்துவிட்டால் பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். அந்த இனத்துப் பூஞ்சைகள் உருளைக்கிழங்கையும் பிடிக்கும். உங்கள் மேட்டிலிருந்து மழைநீர் யாருடைய வயலுக்கு இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அனுமதியும் தாவரத் தடுப்புக்காப்புப் பரிசோதனையும் இல்லாமல் பயணப் பெட்டியில் ஒரு துண்டும் வரக்கூடாது.

கந்தப்பளை விவசாயி:
அக்கா, ஐயா, நன்றி. எனக்குக் கீழே என் தம்பியின் உருளைக்கிழங்கு வயல் இருக்கிறது. வேர் கொண்டுவர வேண்டாம் என்று அந்த ஜெர்மன்காரருக்கு இன்றிரவே எழுதச் சொல்கிறேன். திங்கட்கிழமை சீதாஎலிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறேன். லீக்ஸை விட்டு வேறென்ன போடலாம் என்றுதான் இனி அங்கே கேட்க வேண்டும்.