மறு: பெடல் வழியே காலுக்கு வரும் உதைக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழை போகிற வேகத்தைப் பார்த்தால், பொருளைப் பேசி முடிப்பதற்குள் சொல்லுக்கு வாக்கெடுப்பு நடந்துவிடும் போலிருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: மிதிப் பின்னூட்டம், மிதியுதை, பின்னுதைப்பு, 'பெடல் கிக்பேக்' என்றே விட்டுவிடுவது. இவற்றுக்குள் போகுமுன் ஒன்று. நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம். சைக்கிளில் நடப்பவையோ மூன்று. ஆங்கிலத்தில் எழுதும் ஓட்டுநர்களே மூன்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

> பின்னூட்டம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'மிதிப் பின்னூட்டம்' என்றால் யாருக்கும் புரியுமே?

தவறாகப் புரியும். இணையத்தில் பின்னூட்டம் என்றால் வாசகர் கருத்து. மின்னணுவியலில், வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பி ஊட்டுவது. இங்கே யாரும் எதையும் ஊட்டவில்லை. சக்கரம் மேலேறுகிறது, சங்கிலி விறைக்கிறது, கால் உதை வாங்குகிறது. 'இந்தச் சைக்கிளின் பெடல் நிறையப் பின்னூட்டம் தருகிறது' என்று எழுதினால் படிப்பவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்.

சரி, நடப்பது என்ன? பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளில் பின்சக்கரம் ஒரு ஸ்விங்கார்மில் (சட்டத்தோடு கீல்போல் இணைந்து அசையும் கையில்) இருக்கிறது. கல்லில் மோதினால் சக்கரம் சட்டத்தைப் பொறுத்து மேலேறும். அந்த ஏற்றம் செங்குத்தாக இராது. வளைந்த பாதையில், பல வடிவமைப்புகளில் தொடக்கத்தில் சற்றுப் பின்னோக்கியும் போகும். அப்போது கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே தூரம் கூடுகிறது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே மேலே ஓடும் சங்கிலிப் பகுதி ஏற்கெனவே தளர்வில்லாமல் நிற்பது. தூரம் கூடினால் அங்கே கூடுதல் கண்ணிகள் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஒன்று, பின்பல்சக்கரம் முன்னோக்கிச் சுழன்று கொடுக்கலாம். அதற்கு வழியில்லையென்றால் முன்பல்சக்கரம் பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும். முன்பல்சக்கரத்தோடு கிராங்கும் கிராங்கோடு பெடலும் திரும்பும். பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து எழுந்து நின்றிருப்பவரின் முன்காலை அது மேலே தூக்கும், பின்காலைக் கீழே இறக்கும்.

எவ்வளவு என்று ஒரு கணக்கு. 150 மி.மீ. அமுங்கும் சைக்கிளில் சங்கிலியின் மேல்பகுதி முழு அமுக்கத்தில் 20 மி.மீ. நீள்வதாக வைத்துக்கொள்வோம். சங்கிலியின் ஒரு பல் இடைவெளி 12.7 மி.மீ. 32 பல் முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு 406 மி.மீ. சங்கிலியை நகர்த்தும். ஆக 20 மி.மீ. என்பது சுமார் 18 பாகை. 170 மி.மீ. கிராங்கின் நுனியில் அது ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல். இது சின்ன விஷயமல்ல.

ஆனால் (இதைத்தான் இழையில் யாரும் இன்னும் தொடவில்லை) இந்த 18 பாகையும் எப்போதும் காலுக்கு வருவதில்லை. ஃப்ரீஹப் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பின்சக்கர நடுப்பகுதி) இருக்கிறதே! பின்பல்சக்கரம் சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றால்தான் உள்ளே பல் பற்றும். மெதுவாகச் சுழலும்வரை 'டிக் டிக்' என்று வழுக்கிக்கொண்டே இருக்கும். 29 அங்குலச் சக்கரம், சுற்றளவு சுமார் 2.3 மீட்டர், வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று கொள்ளுங்கள். சக்கரம் நொடிக்கு 2.4 சுற்று சுற்றுகிறது. 15 பல் கியரில் இருந்தால், மேல்பகுதி நொடிக்கு 46 செ.மீ.க்கு மேல் நீண்டால்தான் ஹப் பற்றும். நம் சைக்கிளில் அதற்குச் சக்கரம் நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் மேலே அடிபட வேண்டும். கடுமையான அடியில்தான் அது நடக்கும். 50 பல் கியரில் அதே வேகத்தில் இது நொடிக்குப் பதினொரு மீட்டரையும் தாண்டிவிடுகிறது.

பின்பிரேக்கை இறுக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் கதையே வேறு. சக்கரம் சுழலாதபோது ஹப் வழுக்க இடமில்லை. பல் பற்றியதும் நீள்வது முழுவதும் கிராங்குக்குப் போகும். 'பிரேக் பிடித்தபடி கல்மேட்டில் இறங்கினால் கால் பெடலைவிட்டுத் தெறிக்கிறது' என்று நண்பர் ஒருவர் முதல் மடலில் எழுதியிருந்தது இதைத்தான். ஓட்டத்தில் நடக்கிறதா, பூட்டில் நடக்கிறதா என்று பிரித்துச் சொல்ல நம் சொற்கள் இடம் தர வேண்டும்.

இனி சொற்கள்.

முதலாவது, காரணத்துக்கான சொல். மேல்பகுதி நீள வேண்டியிருப்பதை 'சங்கிலி நீட்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை ஏற்க முடியாது. சங்கிலி தேய்ந்து, கண்ணிகளுக்கிடையே ஆட்டம் விழுந்து, மொத்த நீளம் கூடுவதைத்தான் பட்டறையில் சங்கிலி நீண்டுவிட்டது என்கிறார்கள். அங்கே சங்கிலியே நீள்கிறது. இங்கே சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போக வேண்டிய தடம்தான் நீள்கிறது.

> அச்சிடை நீட்சி என்று வைக்கலாம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் நீள்வதுதானே காரணம்?

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. சாதாரண வடிவமைப்புகளுக்கு ஏறத்தாழப் பொருந்தும். உயர்ந்த சுழல்மையமும் (ஸ்விங்கார்ம் கீல் கொள்ளும் இடம்) அதன் அருகே சங்கிலியைத் தாங்கும் ஒரு இடைக்கப்பியும் வைத்த சைக்கிள்களில் உடைந்துவிடும். அவற்றில் பின்சக்கரம் நெடுந்தொலைவு பின்னோக்கி நகர்கிறது, அச்சிடைத் தூரம் தாராளமாகவே கூடுகிறது. ஆனால் மேல்சங்கிலி இடைக்கப்பியின் மேல் ஏறிச் செல்வதால், சுழல்மையத்துக்கு அருகிலிருந்தே கிளம்புகிறது. அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. அச்சிடை நீட்சி அதிகம், உதை குறைவு என்று எழுத நேரும். படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆகவே தடநீட்சி என்கிறேன். மேல்தட நீட்சி காலை உதைக்கும். கீழ்த்தட நீட்சி டிரெய்லியரின் (பின்னால் கியர் மாற்றும் கருவியின்) கூண்டை முன்னோக்கி இழுக்கும். இடைக்கப்பி முன்னதை அடக்குகிறது, பின்னதை அடக்குவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லிலிருந்து பிரித்தெடுக்க முடிவது வசதி.

இரண்டாவது, விளைவுக்கான சொல். கிராங்க் பின்னோக்கித் திரும்புவது.

'மிதியுதை' எனக்கும் பிடித்தது, உரக்கப் படித்துப் பார்க்கும்வரை. அடி, உதை, மிதி எல்லாம் வாங்கியவரின் நினைவுதான் வருகிறது. 'பின்னுதைப்பு' துப்பாக்கிக்குச் சரி. சைக்கிளில் 'பின்' என்ற ஒட்டு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: பின்சக்கரம், பின்பிரேக், பின்பல்சக்கரம். அந்த வரிசையில் வந்தால் பின்பக்கத்தில் ஏதோ உதைப்பதாகத்தான் படும். தூக்கி எறியப்படுவதோ முன்கால். 'சுண்டல்' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். சங்கிலி சுண்டியிழுப்பதை அந்த வினை அச்சாகச் சொல்கிறது, மறுக்கவில்லை. பெயராக்கினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பைக்கை உதைத்துக் கிளப்பியவர்கள் கிக்கர் திருப்பி அடித்தது என்பார்கள். காலின் விசைக்கு எதிராக இயந்திரம் தரும் உதை, அதே உணர்வுதான் இங்கும். ஆனால் 'திருப்பியடி' பெயராக நிற்காது. யாரையோ ஏவுவது போலிருக்கிறது. அந்தப் பொருளைச் சுருக்கினால் எதிருதை. எதிர்+ஒலி எதிரொலி ஆவதுபோல் எதிர்+உதை எதிருதை. வினையாகவும் வரும்: 'இந்தச் சைக்கிள் பிரேக் பிடித்தால் எதிருதைக்கிறது.' அளவும் சொல்லலாம்: எதிருதைக் கோணம் 18 பாகை. பெடல் என்று தனியாகச் சொல்லத் தேவையான இடத்தில் மிதி எதிருதை அல்லது பெடல் எதிருதை, எழுதுபவர் விருப்பம். பெடல், கிராங்க், ஹப் மூன்றையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை.

மூன்றாவதுதான் ஓட்டுநர்களை ஏமாற்றுவது. கரடுமுரடான இறக்கத்தில் கிராங்க் திரும்பவே இல்லாவிட்டாலும் பெடலில் ஒரு கடகடப்பு இருக்கும். சங்கிலிக்கு எடையுண்டு, அது மேலும் கீழும் சாட்டைபோல் ஆடி முன்பல்சக்கரத்தை இழுத்து இழுத்து விடுகிறது. டிரெய்லியர் கூண்டின் ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்க வைத்த கிளட்சும் தம் பங்குக்குச் சங்கிலியில் இழுவிசை ஏற்றுகின்றன. இதற்குச் சங்கிலியதிர்வு போதும். புதுமை தேவையில்லை.

பந்தய ஓட்டுநர் ஆரன் க்வின் 2015 இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் (மலை இறக்கப்) பந்தயத்தில் கிளம்பிய உடனே சங்கிலி அறுந்தும் முழுத் தடத்தையும் இறங்கி வென்றது இந்த விவாதத்தில் எப்போதும் மேற்கோளாக வருகிறது, இழையிலும் வந்துவிட்டது. சங்கிலி இல்லாமல் இறங்கினால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமைதியாக வேலை செய்கிறது பாருங்கள் என்பார்கள். இருக்கட்டும். சங்கிலி அறுந்தபோது எதிருதை, சங்கிலியதிர்வு, கிளட்சின் இழுவிசை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. எது போனதால் சைக்கிள் அமைதியானது என்று அந்த ஓட்டத்திலிருந்து யாரும் சொல்ல முடியாது. சொற்கள் பிரிந்தால் இந்தக் கேள்வியையாவது ஒழுங்காகக் கேட்கலாம்.

> தடநீட்சியே இல்லாமல் சட்டத்தை வடிவமைத்துவிட்டால் இத்தனை சொற்களும் வேண்டாமே!

1990களில் செய்தே பார்த்தார்கள். டிரெக் நிறுவனத்தின் ஒய் சட்டம், க்ளைன் நிறுவனத்தின் மாந்த்ரா போன்றவற்றில் கிராங்கையே பின்முக்கோணத்தில் (பின்சக்கரத்தைத் தாங்கி அசையும் பகுதியில்) பொருத்தினார்கள். கிராங்கும் பின்சக்கரமும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் தடநீட்சி சுழி, எதிருதையும் சுழி. ஆனால் ஓட்டுபவர் பெடலில் எழுந்து நின்றதும் அவர் எடை பின்முக்கோணத்திலேயே இறங்கி, சஸ்பென்ஷன் பாதி உறங்கிவிடும். மேட்டில் இறங்கும்போது எல்லோரும் எழுந்துதான் நிற்கிறார்கள்! தவிர, தடநீட்சி வெறும் தொல்லையுமல்ல. நாம் மிதிக்கும்போது எடை பின்னால் சாய்ந்து சஸ்பென்ஷன் அமுங்கப் பார்க்கும். சாதாரண வடிவமைப்புகளில் பெரும்பாலும் சங்கிலியின் இழுப்புத்தான் அதை எதிர்த்துத் தாங்குகிறது. அவற்றில் தடநீட்சியை முழுக்க ஒழித்தால் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் குந்தி எழும். சட்டம் வடிவமைப்பவர்கள் கொஞ்சம் விட்டுவைப்பது தெரிந்தேதான்.

விட்டுவைத்த தடநீட்சியைக் காலுக்கு வருமுன் வேறெங்காவது உள்வாங்க வேண்டும். இதற்குத்தான் நம்மிடம் சொல்லே இல்லை. என் மடலின் உண்மையான நோக்கமும் இங்கேதான்.

ஹப்பில் அடுத்த பல் பற்றும்வரை கிடைக்கும் வெற்றுச் சுழற்சியைப் பற்றுகோணம் என்போம். டிடி சுவிஸ் ஹப்பில் 18 பல் ரேச்செட் (ஒரு திசையில் மட்டும் பற்றும் பல்வளையம்) போட்டால் 20 பாகை, 36 பல்லுக்கு 10, 54 பல்லுக்கு 6.7. இண்டஸ்ட்ரி நைன் நிறுவனத்தின் ஹைட்ரா சுற்றுக்கு 690 இடங்களில் பற்றுவது, அரைப் பாகைதான். மேடேறுபவர்கள் பற்றுகோணம் குறையக் குறைய மகிழ்வார்கள். எதிருதைக்கு அது நேர்மாறு: பற்றுகோணம் குறைந்தால் உதை தப்பாமல் வந்து சேரும். ஆனால் பெரிய பற்றுகோணத்தையும் நம்ப முடியாது. அடி விழும் நொடியில் பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தற்செயல். 20 பாகையில் 19 மிச்சமிருக்கலாம், ஒன்றும் இருக்கலாம்.

இத்தாலியின் ஓசெயின் என்ற கருவி செய்வது வேறு. முன்பல்சக்கரத்துக்கும் கிராங்குக்கும் நடுவே சிறிது சுழல இடம் விட்டு, ஸ்பிரிங்கால் அதை ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. 4, 6, 9, 12 பாகை என்று அமைப்புகள் உண்டு. சங்கிலி பின்னிழுத்தால் பல்சக்கரம் மட்டும் திரும்பும், கிராங்க் அசையாது. இந்த இடைவெளியைத் தற்செயலுக்கு விடாமல் ஆயத்தமாக வைத்திருக்கிறது. இதை விடுகோணம் என்கிறேன். விடுமுறை, விடுகதை போல வினைத்தொகை, பற்றுகோணமும் அப்படியே. இரண்டிலும் வல்லினம் மிகாது. 'விடுக்கோணம்' என்று எழுதி அனுப்பியவர் கவனிக்க.

விடுகோணத்தை ஹப்பிலும் வைக்கலாம். இ தர்ட்டீன் நிறுவனமும் டிடி சுவிஸும் அப்படிச் செய்கின்றன. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிராங்கில் வைத்த 12 பாகை எந்தக் கியரிலும் 12 பாகைதான். ஹப்பில் வைத்த 12 பாகை, 32 பல் முன்சக்கரத்தோடு 50 பல் கியரில் காலுக்கு 18.75 பாகையாகத் தெரியும். 10 பல் கியரில் 3.75 பாகையாகச் சுருங்கிவிடும். வேகமாக இறங்கும்போது சிறிய பல்சக்கரத்தில்தான் இருப்போம். அதாவது ஹப் விடுகோணம் வேண்டிய இடத்தில் குறைவாகவும், மெதுவாக மேடேறும்போது காலுக்கு வெற்றிடமாக நிறையவும் கிடைக்கிறது. ஆகவே கலைச்சொல் பட்டியலில் வெறும் 'விடுகோணம்' என்று நிறுத்தாமல் கிராங்க் விடுகோணம், ஹப் விடுகோணம் என்று இரண்டு பதிவுகளாகவே போட வேண்டும். பாகையை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர் ஏமாறக்கூடாது.

பெரிய முன்பல்சக்கரம் மாட்டுவதும் எதிருதையைக் கொஞ்சம் குறைக்கும். அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

> இறக்குமதிச் சரக்குக்கு இவ்வளவு தமிழ் எதற்கு? பெடல் கிக்பேக் என்றால் ஓட்டுகிறவனுக்குப் புரியும்.

ஓட்டுகிறவருக்குப் புரியும், தம்பி. 'கிக்பேக் குறையும்' என்று விளம்பரத்தில் போட்ட பொருளை வாங்கி, கடகடப்பு போகவில்லையே என்று முழிக்கிறவரும் அவர்தான். அவருக்கிருந்தது சங்கிலியதிர்வாக இருக்கலாம். எதிருதைக்கு வாங்கிய மருந்து அதை எவ்வளவு தீர்க்கும் என்பது தனிக் கேள்வி.

பட்டியலுக்கு நான் முன்வைப்பவை: தடநீட்சி, எதிருதை, சங்கிலியதிர்வு, பற்றுகோணம், விடுகோணம். 'பின்னூட்டம்' இந்தத் துறையில் வேண்டாம். விடுகோணத்தில் பல்சக்கரம் திரும்பி வரும்போது முட்டாமலிருக்க உள்ளே வைக்கும் ரப்பர் துண்டுக்குப் பட்டறைகளில் என்ன பெயர் வழங்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதற்கு நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
இழையில் தாமதமாகச் சேர்ந்தவன்