புதுப்பிப்பு: திருகோணமலை நிலாவெளி மணலில் கொன்றை கருகிய விஷயம்

போன மாசியில் கேட்டிருந்தேன்: கடலிலிருந்து 200 மீற்றர், வெறும் மணல், கொன்றைக் கன்றின் இலை நுனி கருகுகிறது, அழகுக்கு எந்த உள்ளூர் மரம் நிற்கும் என்று. பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

உரம் கூட்டியது பிழையாய்ப் போய்விட்டது. உரமும் உப்புத்தானே, கருகல் இன்னும் ஏறியது. சரிவந்தது, "முன்னுக்குப் பூவரசும் புன்னையும், கொன்றை வீட்டு மறைவில்" என்று ஒரு அண்ணை எழுதியதுதான். மாரியில் கடல்காற்று அள்ளிவரும் உப்புத்தூறலே காரணம்; மறைவுக்கு மாற்றிய பிறகு வந்த தளிர்களில் கருகல் இல்லை.

பூவரசுக்கு பெருவிரல் தடிப்பில் ஒன்றரை மீற்றர் கம்பு, 45 செ.மீ. ஆழம், ஐப்பசி முதல் மழையோடு. 8 கம்பில் 7 துளிர்த்தது. புன்னை விதையை ஓட்டோடு நட்டால் முளைக்க இரண்டு மாதம் போகும். ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் நட்டால் மூன்று கிழமை போதும். பருப்பு காயப்படக் கூடாது.

கொன்றைக்கு 60 செ.மீ. குழி, மேல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் சரிபாதி, மேலே தென்னஞ்சருகு மூடாக்கு. கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட) காற்று மாதங்களில் கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு 20 லீற்றர் தண்ணீர்.

எதிர்பாராதது: பச்சைப் புழுக்கள் கொன்றை இலையை மொட்டையடித்தன. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. மருந்து அடிக்கவில்லை, சில கிழமையில் மறுபடி தழைத்துவிட்டது.