புதுப்பிப்பு: உதைத்த 270 ரூபாய் கிடைத்துவிட்டது

பி.காம் முதல் செமஸ்டர் பயிற்சிக்காக தோவாளையில் மாமாவின் பூக்கடைக் கணக்கை எழுதினேன், இருப்பாய்வில் (பற்று, வரவு இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) 270 ரூபாய் உதைக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று ஒரு அண்ணன் பதில் எழுதினார். பேரேட்டை, அதாவது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக எழுதும் புத்தகத்தை, பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிச்சிப்பூ கொள்முதல் 4,850. நான் எடுத்து எழுதியது 4,580! அண்ணே, ரொம்ப நன்றி.

அப்புறம், சமன் ஆனபிறகும் ஒரு பிழை இருந்தது. மாமா வீட்டுக்கு மீன் வாங்கிய 600 ரூபாயைக் கடைச் செலவில் சேர்த்திருந்தேன். அது எடுப்புகளில், அதாவது உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்த கணக்கில் வர வேண்டும். இரண்டுமே பற்றுப் பக்கம் என்பதால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. லாபம்தான் 600 குறைந்து நிற்கும். சரி, அதையும் திருத்திவிட்டேன். இனி இறுதிக் கணக்கு.